பாப்பா வெளியே போயிருக்கிறாள்

இன்றைக்குக் காலையில் ஷம்ஷாத்தின் ஜெராக்ஸ் கடையில், குடும்பப் பென்ஷன் பாரத்தில் கையெழுத்துப் போடக் குனிந்தபோது மேஜைக்கு அடியிலிருந்து அந்த வாசம் வந்தது. சூடான தூசியும் சூடான தகரமும் கலந்த வாசம். அவளுடைய கம்ப்யூட்டர் பெட்டி என் முழங்காலுக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தது. கையெழுத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். பொன்மலை ரயில்வே குவாட்டர்ஸில் நீங்கள் ஷிப்ட் முடிந்து வந்து பெட்டியைப் போட்டால் அரை மணி நேரத்தில் வீடு முழுக்க இதே வாசம்தான். தோசை வாசத்தையும் மீறிக்கொண்டு அடிக்கும். "உங்க இன்ஜின் சூடாயிருச்சு, தண்ணி ஊத்தவா?" என்று கேட்பேன். நீங்கள் திரும்பாமலேயே, "ஊத்து, ரெண்டு பேரும் சேந்து போயிடலாம்" என்பீர்கள்.

சேர்ந்து போகவில்லை. நீங்கள் மட்டும் போனீர்கள்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். உங்களுக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுதத் தேவையும் இருந்ததில்லை. காலையில் சைக்கிளில் போய் சாயங்காலம் சைக்கிளில் வருகிற மனிதருக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா? இப்போது எழுதுகிறேன் என்றால், சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் அக்காவிடம் சொல்லவில்லை, என் தம்பியிடம் சொல்லவில்லை. நம் பாப்பா போய்விட்டாள். இரண்டாவது தடவையும் போய்விட்டாள். இந்தத் தடவை என் கையால்.

எப்படி என்று சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் இருந்தே சொன்னால்தான் என்னால் சொல்ல முடியும்.

கூட வேலை பார்த்தவர் விற்ற பழைய கம்ப்யூட்டரை நீங்கள் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தபோது பாப்பா நம்மிடம் இல்லாமல் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் பேச்சே இல்லாத காலம். நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டுவேன், புடவைக்கு ஃபால்ஸ் தைப்பேன், நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அந்தப் பெட்டி வந்த பிறகு சுவருக்குப் பதில் அதைப் பார்க்க ஆரம்பித்தீர்கள். வீடியோ பார்த்துப் பார்த்து, சாமான்களைத் திரையில் த்ரீ-டி உருவமாகச் செய்ய நீங்களாகக் கற்றுக்கொண்டீர்கள். முதலில் செய்தது ஒரு போல்ட்டும் நட்டும். கூப்பிட்டுக் காட்டினீர்கள். மவுஸை உருட்டினால் அது எல்லாப் பக்கமும் திரும்பியது.

"நாள் முழுக்க ஒர்க்‌ஷாப்புல போல்ட்டு. வீட்டுக்கு வந்தும் போல்ட்டா? இத கழட்டவா முடியும்?" என்றேன்.

"கழட்டலாம். துரு மட்டும் பிடிக்காது" என்றீர்கள்.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு சாமான் மிச்சமில்லை. ஸ்டவ், கிரைண்டர், தண்ணீர்க் குழாய், சைக்கிள் ஸ்டாண்டு, டிபன் கேரியரின் நடு அடுக்கு. ஒவ்வொன்றையும் டேப் வைத்து அளப்பீர்கள். டேப்பின் ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும். அஞ்சாவது படித்த எனக்கு மில்லிமீட்டர் படிக்கச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். "சுமாரா முப்பது" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். "சுமார்ங்கறது ஃபிட்டர் வீட்டுல கிடையாது" என்பீர்கள். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. இப்போதும் காய்காரரிடம் அரைக்கிலோ கேட்டுவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செய்ததையெல்லாம் நீங்கள் இன்டர்நெட்டில் போட்டீர்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், இனாம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் வாயெல்லாம் பல்லாக வந்து, நம் கிரைண்டரை எவரோ பிரேசில் தேசத்துக்காரர் எடுத்துத் தன் கார்ட்டூன் படத்தில் ஒரு ஓட்டலில் வைத்திருக்கிறார் என்றீர்கள். "அப்ப மாவையும் அவரையே ஆட்டித் தரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். நம் வீட்டு அடுப்படிச் சாமானை ஊர் பேர் தெரியாதவன் ஏன் பார்க்க வேண்டும் என்பதுதான் அன்றைக்கு என் கோபம். நீங்கள் கொஞ்சம் முகம் வாடியதைப் பார்த்தேன். 

அப்புறம் அந்தத் தை மாசம். பாப்பா பிறந்த தேதி. அன்றைக்கு நாம் ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்று ஒரு பழக்கம் வைத்திருந்தோம். நீங்கள் லீவு போட்டுவிட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். நான் காபி வைக்க வந்தேன். திரையில் ஒரு பெண் குழந்தை நின்றது. பத்து வயது இருக்கும். ரெட்டைச் சடை.

யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. நாலு வயதில் போனவளைப் பத்து வயதில் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

காபியை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தை எல்லாம் மறுபடி எடுத்துப் போட்டுக் கழுவினேன். நாலு நாள் உங்களோடு பேசவில்லை. இந்த மனிதருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, எனக்கும் பிடிக்க வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் நீங்கள் வேலைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது நானே சொன்னேன்.

"காது சரியில்ல."

"என்னது?"

"அவளுக்கு என் காது. நீங்க உங்க காத வச்சிருக்கீங்க."

நீங்கள் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடியே நின்றீர்கள். அன்றைக்கு சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் வராததுமாக உங்கள் வெர்னியரை எடுத்தீர்கள். இரும்புத் தண்டின் கனத்தை அளக்கிற கருவியால் என் காதை அளந்தீர்கள். மூக்கு, மேலுதடு, கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவில் உள்ள தூரம். ஜில்லென்று இரும்பு கன்னத்தில் படும். அசைந்தால் திட்டுவீர்கள். உங்கள் முகத்தை நான் அளந்தேன். "நெத்தி மட்டும் உங்களுது வேணாம், பாப்பா பாவம், கிரிக்கெட் கிரவுண்டு மாதிரி இருக்கு" என்றேன். ஆறு வருஷம் கழித்து நம் வீட்டில் ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து ஒவ்வொரு தை மாசமும் அவளுக்கு ஒரு வயது கூட்டினீர்கள். மற்ற அப்பாக்கள் கேக் வாங்கப் போவார்கள், நீங்கள் மூன்று நாள் லீவு போட்டு அவளைக் கொஞ்சம் உயரமாக்குவீர்கள், கன்னத்துச் சதையைக் கொஞ்சம் குறைப்பீர்கள். பதினோரு வயதில் முன்பல் தெற்றியது. நான்தான் சொன்னேன், எனக்கு அந்த வயதில் அப்படித்தான் இருந்தது என்று. உடுப்பு என் பொறுப்பு. பாவாடைக்கு எத்தனை கொசுவம், எங்கே கரை வரும் என்று பேப்பரில் வெட்டிக் காட்டுவேன், நீங்கள் அதைப் பார்த்துச் செய்வீர்கள்.

தோல் போர்த்துகிற வேலையில் நீங்கள் மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? உருண்டையான தலைக்குத் தட்டையான படத்தைச் சுற்றினால் கன்னத்துக்கு நடுவில் கோடு விழுகிறது என்று ஒரு வாரம் அல்லாடினீர்கள். நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு அது ஜாக்கெட் மாதிரிதான் தெரிந்தது. "கன்னத்துல போயி யாராவது தையல் போடுவாங்களா? காதுக்குப் பின்னால கொண்டு போங்க, அங்கேருந்து முடிக்குள்ள இறக்குங்க. தையல் மறைவுல இருக்கணும்" என்றேன். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே செய்தீர்கள். கோடு போய்விட்டது. அதற்கப்புறம் ஒரு மாசம் ஒர்க்‌ஷாப்பில் எல்லோரிடமும், "எங்க வீட்டுல இன்ஜினியர் ஒருத்தி இருக்கா" என்று சொல்லியிருக்கிறீர்கள். கருமாதிக்கு வந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு சத்தியம் மட்டும் உங்களிடம் வாங்கியிருந்தேன். பாப்பாவை யாருக்கும் காட்டக் கூடாது.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஆடிப்பெருக்கு. அம்மாமண்டபம் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. அவளுக்கு அரக்குப் பாவாடை கட்டிவிட்டிருந்தேன். எதிரில் வந்தவர்கள் எல்லாம் நின்று அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். "இது என்ன, பொம்மையா பொண்ணா?" என்றாள் ஒருத்தி. வழக்கமாக வைக்கிற திருஷ்டிப் பொட்டை அன்றைக்கு அவசரத்தில் வைக்க மறந்திருந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல். ஏழாம் நாள் அவள் இல்லை. டாக்டர் என்ன பெயரோ சொன்னார். எனக்குத் தெரிந்த பெயர் கண்ணேறுதான். நீங்கள் அதை நம்பியதில்லை. ஆனால் ஒரு நாள்கூட என்னிடம் அதை மறுத்துப் பேசியதும் இல்லை. திரையில் இருக்கிற பாப்பாவின் கன்னத்தில் ஒரு மைப்பொட்டு வைக்கச் சொன்னபோது, எவ்வளவு பெரிசு என்று மட்டும் கேட்டீர்கள்.

இன்டர்நெட்டில் வேண்டாம், போனில்கூட வேண்டாம், பிரிண்டும் வேண்டாம் என்றேன். "சரி. இந்த வீட்ட விட்டு வெளிய போகாது" என்றீர்கள். பெட்டியின் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றி, உள்ளங்கை அகலத்துக்கு இருந்த ஒரு கனத்த டிஸ்க்கைத் தொட்டுக் காட்டினீர்கள். "இதுக்குள்ளதான் இருக்கா. வேற எங்கயும் இல்ல."

நீங்கள் போனது ஆனி மாசம். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. மத்தியானம் நெஞ்சைப் பிடித்தீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அவ்வளவுதான். ஆவணியில் குவாட்டர்ஸைக் காலி பண்ணித் திருவானைக்காவலில் ஒரு அறைக்கு வந்தேன். கட்டில், பீரோ எல்லாம் தம்பி வண்டியில் வந்தது. பெட்டியை மட்டும் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எங்கே அமுக்க வேண்டும், எந்தப் படத்தைத் தொட வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்திருந்ததால் தினமும் அவளைத் திறந்து பார்த்தேன். பதினாறு வயது, மாம்பழ மஞ்சளில் தாவணி. மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்திப் பிடித்து மெதுவாகத் திருப்புவேன். முதுகு, சடை, மறுபடி முகம். "அப்பா எங்கம்மா?" என்று கேட்கிற மாதிரியே இருக்கும். வேலைக்குப் போயிருக்கார் என்று சொல்லிவிட்டு நிறுத்துவேன்.

இனிதான் நான் சொல்ல வேண்டியது.

ஆயுத பூஜை வந்தது. உங்கள் அக்கா போனில், "துக்க வருஷம், பண்டிகை எதுவும் கிடையாது, வெளக்கு மட்டும் ஏத்து" என்று சொன்னார்கள். சரி அண்ணி என்றேன். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. பொன்மலையில் நாம் இருந்த இத்தனை வருஷத்தில் ஆயுத பூஜையை நீங்கள் விட்டதே இல்லை. ஒர்க்‌ஷாப் பூஜையை முடித்துப் பொரி கடலையோடு வந்து, வீட்டில் உங்கள் சொந்தக் கருவிகளை வரிசையாக எடுத்து வைப்பீர்கள். வெர்னியர், ரசமட்டம், சுத்தியல், ஸ்பேனர், என் தையல் மெஷின், கத்தரிக்கோல், கடைசியில் கம்ப்யூட்டர். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு கிள்ளுப் பூ. நீங்கள் இல்லாத வருஷம் உங்கள் கருவிகளும் பட்டினி கிடக்கக் கூடாது என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கும் தெரியாமல் செய்தேன்.

உங்கள் பழைய மண்ணெண்ணெய் பாட்டிலையும் பஞ்சு வேஸ்ட்டையும் எடுத்தேன். ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் துடைத்து, அதன் மேல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தேன். உங்கள் கையிலிருந்து அப்படித்தான் எல்லாம் பளபளவென்று வரும். கம்ப்யூட்டருக்கு வந்தேன். பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றினேன். மற்றதை விட்டுவிட்டு, பாப்பா இருக்கிற டிஸ்க்கை மட்டும் வயரிலிருந்து உருவி வெளியே எடுத்தேன். அதற்குத்தானே முதல் மரியாதை? மண்ணெண்ணெயில் துடைத்தேன். அடிப்பக்கத்துப் பச்சைத் தகட்டில் தூசி இருந்தது. சந்து சந்தாகத் துடைத்தேன். எண்ணெய் விட்டேன். மேல் பக்கம் சந்தனம், அடிப்பக்கம் சந்தனம், குங்குமம். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரிதான் செய்தேன். அன்றைக்கு முழுதும் சாமி முன்னால் வைத்திருந்தேன்.

மறுநாள் மறுபூஜை முடித்து, பழையபடி வயரில் செருகி சுவிட்சைப் போட்டேன். டப் என்று ஒரு சத்தம். ஒரு நூல் புகை வந்தது. சந்தனம் கருகிய வாசம்.

நீங்கள் கம்ப்யூட்டரை எப்படித் துடைப்பீர்கள் என்று நான் ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருப்பேன். உங்கள் கூட்டாளி ஒருவர் அப்புறம் சொன்னார்: அதற்குள் ஈரமே போகக் கூடாதாம், நீங்கள் சைக்கிள் பம்ப்பால் காற்றடித்துத் தூசியை ஊதுவீர்களாம், பொட்டு வெளித் தகரத்துக்கு மட்டும்தானாம். இரும்புக்குச் செய்கிறதை நான் எல்லாவற்றுக்கும் செய்துவிட்டேன். ஃபிட்டர் பெண்டாட்டிக்கு இரும்பைத் தவிர என்ன தெரியும்?

டவுனில் ரிப்பேர் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் பார்த்துவிட்டு சென்னைக்கு அனுப்பினார். அங்கே இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம். ஒன்றரை மாசம். வாரம் ரெண்டு தடவை பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டேன், அகிலாண்டேஸ்வரிக்கு வேண்டிக்கொண்டேன், வேண்டாத சாமியில்லை. போன வாரம் காற்றுக் குமிழி பேப்பரில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். அடித்தகடு எரிந்துவிட்டதாம். உள்ளே சுற்றுகிற தட்டுக்கும் எண்ணெய் இறங்கிவிட்டதாம். ஒன்றும் எடுக்க முடியாதாம்.

"இதுல போயி எண்ணெய ஏம்மா விட்டீங்க?" என்று கேட்டார்.

"பூஜைங்க" என்றேன்.

அவர் வேறு யாருடைய போனையோ எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். நான் ஏசட்டும் என்று நின்றேன். அவர் ஏசவில்லை. நீங்களாவது ஏசியிருப்பீர்கள்.

இந்த ஒரு வாரமும் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். முதல் தடவை அவள் போனபோது நீங்கள் இருந்தீர்கள். நீங்கள் போனபோது அவள் இருந்தாள்.

இன்றைக்கு அந்த வாசம் வந்ததும் நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஷம்ஷாத் தண்ணீர் கொடுத்து, "என்னக்கா, தல சுத்துதா? சாப்ட்டீங்களா இல்லையா?" என்றாள். காந்தி மார்க்கெட் பக்கத்துப் பெண். புருஷன் துபாயில் இருக்கிறான். இவள் இங்கே தனியாகக் கடை வைத்திருக்கிறாள். என்னவோ தெரியவில்லை, யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை. என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் சாமான் செய்வார், இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார், அதைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். உங்கள் பேரையெல்லாம் அங்கே நீங்கள் வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். "பொன்மலை ஃபிட்டர்" என்று இங்கிலீஷில் அடிக்கச் சொன்னேன். வந்துவிட்டது.

எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை. ஒரே ஒரு தடவையாவது நீங்கள் என் பேச்சை மீறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கட்டின புருஷன் செய்து கொடுத்த சத்தியத்தை மீறியிருக்க வேண்டும் என்று எந்தப் பெண்டாட்டியாவது சாமி கும்பிடுவாளா? நான் கும்பிட்டேன். எனக்குத் தெரியாமல் எவனோ ஒரு பிரேசில்காரனிடமாவது, பார், இவள் என் பெண் என்று காட்டியிருந்தால் அவள் அங்கே இருப்பாளே.

ஷம்ஷாத் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஸ்டவ் இருந்தது. கிரைண்டர் இருந்தது. குழாய் இருந்தது. அந்தக் குழாயின் வாஷர் ஒழுகுவதைக்கூடச் செய்திருந்தீர்கள். நான் எதையெல்லாம் ஏன் ஊருக்குக் காட்டுகிறீர்கள் என்று சண்டை போட்டேனோ, அது அத்தனையும் பத்திரமாக இருந்தது. எதை மறைக்கச் சொன்னேனோ அது மட்டும் இல்லை. கடைசி வரை தேடினோம். நீங்கள் மீறவே இல்லை. இவ்வளவு நல்லவராக இருந்து என்ன பிரயோசனம்?

கடைசியாக அடுப்படி வந்தது. மொத்த அடுப்படியும், ஜன்னல் வெயிலோடு. அதை நீங்கள் செய்தபோது பாப்பாவை உள்ளே உட்கார வைத்திருந்தீர்கள். சின்ன முக்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருப்பாள். இன்டர்நெட்டில் போடலாமா என்று கேட்டபோது, அவளை எடுத்துவிட்டுப் போடுங்கள் என்று சொன்னேன். எடுத்துவிட்டுத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் முக்காலியை விட்டுவிட்டீர்கள். பாதி உரித்த பட்டாணியும் தட்டும் அப்படியே இருக்கின்றன.

அதற்குக் கீழே யார் யாரோ எழுதியிருந்தார்கள். ஷம்ஷாத் படித்துத் தமிழில் சொன்னாள். வெயில் நன்றாக இருக்கிறது என்று ஒருவர். ஜாடிகள் நன்றாக இருக்கின்றன என்று இன்னொருவர். ஒரு பெண், எந்த ஊர் என்று தெரியவில்லை, முக்காலி யாருடையது என்று கேட்டிருந்தாள். சமைக்கிறவர் உட்காருவதற்கு அது ரொம்பத் தாழ்வாக இருக்கிறதே என்று கேட்டிருந்தாள். நீங்கள் பதில் எழுதியிருந்தீர்கள்.

ஷம்ஷாத் அதை ரெண்டு தடவை மனசுக்குள் படித்துவிட்டுத்தான் வாய்விட்டுச் சொன்னாள். "'என் மகளோடது. அவ அம்மாவுக்குக் கண்ணு பட்டுடும்னு பயம். அதனால நீங்க பாக்க வர்றப்ப எல்லாம் அவ வெளிய போயிருப்பா.' அப்டின்னு எழுதியிருக்காருக்கா."

அந்தப் பெண் மறுபடி எழுதியிருந்தாள். அவள் திரும்பி வந்ததும் காட்டுங்கள், நான் காத்திருக்கிறேன் என்று. அதற்கும் உங்கள் பதில் இருந்தது. அவள் அம்மா சம்மதித்தால் காட்டுகிறேன்.

இது எப்போது எழுதியது என்று கேட்டேன். சித்திரை மாசம்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. சித்திரையில் ஒரு சாயங்காலம், கல்யாண வீட்டு ஜாக்கெட் பன்னிரண்டுக்கு நான் கொக்கி கட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நூலைக் கோத்துக் கொடுத்தீர்கள். ரொம்ப நேரம் கழித்து, "ஒரு பொம்பள பாப்பாவப் பாக்கணும்னு கேக்குறாங்க" என்றீர்கள். நான் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றேன். நீங்கள் இன்னொரு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தீர்கள். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அன்றைக்கு ஒரு தலையாட்டல் போதும். வாயைக்கூடத் திறந்திருக்க வேண்டாம்.

"பதில் ஏதாச்சும் போடணுமாக்கா?" என்று ஷம்ஷாத் கேட்டாள். அவளும் ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவள் என்று அப்போதுதான் சொன்னாள்.  உங்கள் போன் நம்பரைக் கேட்டு வாங்கி, என் பையில் இருந்த உங்கள் போனுக்கு வந்த ரகசிய எண்ணை என்னிடம் கேட்டு, என்னவோ செய்து உங்கள் பேரிலேயே எழுதுகிற மாதிரி திறந்து வைத்தாள்.

நான் சொன்னேன், "அவ அம்மா சம்மதிச்சுட்டான்னு எழுதும்மா."

எழுதினாள். எழுதிவிட்டு, "எந்தப் படத்தச் சேக்கணும்கா?" என்று கேட்டாள். நான் பென்ஷன் பாரத்தை எடுத்துக் குனிந்துகொண்டதைப் பார்த்துவிட்டு அவளாகவே அதை அப்படியே அனுப்பிவிட்டாள். பென்ஷன் பாரத்தில் விட்ட கையெழுத்தை முடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அப்போதிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வருகிற தை மாசம் அவளுக்குப் பதினேழு. அவளுக்குப் பதினேழு வயதில் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். முகம் இன்னும் கொஞ்சம் மெலிய வேண்டும். சிரித்தால் இடது பக்கம் மட்டும் குழி விழ வேண்டும், அது உங்கள் அம்மா வழி. சடையை ஒற்றையாக்கிவிடலாம். கண்ணை மூடினால் அவள் நிற்கிறாள். திருப்பிப் பார்க்கிறேன். ஆனால் முந்தாநாள் தாடைப் பக்கம் கொஞ்சம் கலங்கின மாதிரி இருந்தது. பயந்துபோய் எழுந்து உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து, பத்து வயதிலிருந்து, ஒவ்வொரு வயதாக வந்து சேர்ந்தேன்.

வளர்ந்த பாப்பாவின் முகம் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் ரெண்டே பேர்தான் இருந்தோம். இப்போது நான் ஒருத்தி. எங்கோ ஒரு தேசத்தில் ஒரு பெண் அவளைப் பார்க்கக் காத்திருக்கிறாள். நான் சம்மதம் சொல்லிவிட்டேன். எனக்கு வரையத் தெரியாதே, என்னங்க.